இரண்டரைக்கு எத்தனை பேர்

ஜூன் 2, ஞாயிறு

இன்று எங்கள் வீட்டில் நடந்த அன்பியக் கூட்டத்துக்கு வந்தவர்கள்: குரூசம்மாள் மாமி, லில்லி, சலேத் மேரி, சலேத்தின் கைக்குழந்தை (கடைசிவரை தூக்கம்), என் நாத்தனார் ஜெனோவா, நான். ஆண்கள் தரப்பில் என் வீட்டுக்காரர் கஸ்பார் மட்டும். அவரும் வாசற்படியில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

எங்கள் கோயிலுக்கு உட்பட்ட வெள்ளிமுனைப் பங்கைத் தெருவாரியாக ஆறு அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எங்களுடையது மதலேன் மரியாள் அன்பியம். கடலை ஒட்டிய தெரு. மீன் விற்கிற பெண்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். புதிய கணக்கெடுப்பில் எங்களுக்குச் சரியாக நூறு குடும்பம். கோயில் காரியங்களை முடிவு செய்கிற பங்குப் பேரவைக்கு நாற்பது குடும்பத்துக்கு ஒருவர் போகலாம்; மிச்சம் அரையோ அரைக்கு மேலோ வந்தால் கூடுதலாக ஒருவர். மூன்று பேரோ அதற்கு மேலோ போகிற அன்பியத்தில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். விதியைப் பங்குத்தந்தை அமலன் சாமி பூசையிலேயே வாசித்திருக்கிறார். நூறை நாற்பதால் வகுத்தால் இரண்டரை. ஆகவே இந்த முறை எங்களுக்கு மூன்று பேர். முதல் தடவையாக இந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்.

எதற்காக என்பதையும் எழுதிவிடுகிறேன். மீன் ஏலக்கூடம் பங்குக்குச் சொந்தமான இடம். அங்கே பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஜெனோவா விடியும் முன்னே போனால் மதியம்தான் வருவாள். அதற்காக முந்தின சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். போன மாதம் சிறுநீரில் ரத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் வீட்டுக்காரர் எட்டு வருடமாகப் பேரவையில் இருக்கிறார். ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

"சாமி முன்னால அந்த வார்த்தைய எப்பிடிச் சொல்ல?" என்றார், இன்றும்.

"சாமியும் போறவியதானே?" என்றாள் ஜெனோவா.

குரூசம்மாள் மாமி சிரித்துச் சிரித்துப் புரையேறி, செபமாலையின் கடைசிப் பத்து மணியை நான்தான் சொல்லி முடித்தேன்.

யாரை அனுப்புவது என்று முடிவாகவில்லை. ஜெனோவாவைச் சொன்னார்கள். கூட்டம் நடக்கிற நேரம் தனக்கு வியாபார நேரம் என்று மறுத்துவிட்டாள். எனக்கு இதிலெல்லாம் ஆசை இல்லை. நான் எட்டாவது வரை படித்தவள். மற்றது நானாகக் கற்றது. எழுதி வைக்கிற வேலையே எனக்குப் போதும்.

ஜூன் 6, வியாழன்

சாளைக் குழம்பு. புளி கூடிவிட்டது. லில்லியிடம் நீல ரவிக்கைத் துணி தைக்கக் கொடுத்தேன். அடுத்த மாதம் எங்கள் அன்பியத் திருநாள் வருகிறதல்லவா, அதற்கு.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் பலகையில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். எங்களுக்கு இரண்டு.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டுதான்.

பக்கத்தில் மொத்தக் குடும்பங்களில் ஒவ்வொரு அன்பியத்துக்கும் நூற்றுக்கு எத்தனை என்றும் போட்டிருந்தது. எதைப் பார்த்தாலும் கூட்டிப் பார்க்கிறது என் கை. பத்து, இருபத்துநான்கு, பதினைந்து, பத்தொன்பது, பதின்மூன்று, பதினேழு. தொண்ணூற்றெட்டுதான் வந்தது. மறுபடி கூட்டினேன். தொண்ணூற்றெட்டு.

பேரவைச் செயலாளர் பாக்கியநாதன் அண்ணாச்சியிடம் போய், "அண்ணாச்சி, நூத்துல ரெண்டு பேர் குறையுது. கடலுக்குப் போயிருக்காவளா?" என்று கேட்டேன்.

"அது மிஷின் போட்ட கணக்கு, தாயி. போன தடவ கையால போட்டு, சவேரியார் தெருவுக்கும் மிக்கேல் தெருவுக்கும் சட்ட கிழிஞ்சது மறந்து போச்சா? இந்தத் தடவ பிஷப்போட மறைமாவட்ட ஆபீசுலயே புரோகிராம் அனுப்பிட்டாவ. எல்லாப் பங்குக்கும் ஒண்ணுதான். மனுசக் கை படல."

மனுசக் கை படாதது நல்லதுதான். ஆனாலும் எங்கள் மூன்றாவது ஆள் எங்கே?

ஜூன் 11, செவ்வாய்

பட்டியலை எழுதிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். சூசையப்பர், ஆரோக்கிய அன்னை, மிக்கேல், இந்த மூன்று அன்பியமும் சரி. அந்தோனியாரில் அறுபது குடும்பம். ஒன்றரை. இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள். சவேரியாரில் நூற்று நாற்பது. மூன்றரை. நான்கு பேர். எங்களுக்கு இரண்டரை. இரண்டு பேர்.

அறுபது குடும்பத்துக்கும் இரண்டு, நூறு குடும்பத்துக்கும் இரண்டு. மிஷின் தப்புப் பண்ணியிருக்கிறது. கோபமா சந்தோஷமா தெரியவில்லை. சோறு கொஞ்சம் அடிப்பிடித்தது. இவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

ஜூன் 13, வியாழன்

அந்தோனியார் திருநாள். அந்த அன்பியத்துக்காரர்கள் தெருவெல்லாம் ரொட்டி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அவர்களுக்குக் கிடைத்தது எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. ஆண்டவரே, கொஞ்சம் இருந்தது. இப்போது இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

மீன்பிடித் தடை முடிந்து விசைப்படகுகள் போய்வரத் தொடங்கிவிட்டன. ஏலக்கூடத்தில் நிற்க இடமில்லையாம்.

குரூசம்மாள் மாமி ஒரு வழி சொன்னார். "லில்லி கொழுந்தன் துபாய்ல இருக்கான்லா? அவன் பேருக்குப் பங்குல தனியா ஒரு குடும்பக் கார்டு போட்டுரு. நூத்தியொண்ணு ஆயிரும். அப்புறம் மிஷின் என்ன சொல்லும், பாப்பம்."

போட்டுப் பார்த்தேன். நூற்றொன்றை நாற்பதால் வகுத்தால் அரையைத் தாண்டிவிடுகிறது. எந்த மிஷினாலும் மூன்றாம் ஆளை மறுக்க முடியாது.

"அவனுக்குக் கல்யாணமே ஆகலியே மாமி."

"ஆகாமயா போயிரும்?"

"ஒரு கார்டுல முடியுற காரியம்," என்றார் இவரும், முகத்தைப் பார்க்காமல்.

லில்லிக்குச் சம்மதம். கையெழுத்துப் போட வேண்டியவள் அன்பியச் செயலர், அதாவது நான். வீட்டு மாதா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இல்லாத குடும்பத்தைக் கடவுள் வீட்டுக் கணக்கில் எழுத எனக்குக் கை வராது என்று சொல்லிவிட்டேன். நூறு என்றால் நூறு. நூறை வைத்தே வாங்க வேண்டும்.

"அப்ப வாங்கு, பாப்பம்," என்றார் மாமி. கோபமாகத்தான் போனார்.

ஜூன் 18, செவ்வாய்

சவேரியார் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிற ஷெரின் டீச்சர் டவுன் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர். எங்கள் பங்குக் கணக்கை அந்தப் புரோகிராமில் போட்டவரும் அவர்தான். சாயங்காலம் போனேன். போகும்போதே, "டீச்சர், உங்க மிஷின் தப்பாச் சொல்லுது," என்று ஆரம்பித்துவிட்டேன். அவ்வளவு வேகம் கூடாது.

டீச்சர் கோபப்படவில்லை. முறுக்கும் டீயும் கொடுத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். "தொண்ணூத்தெட்டு வந்ததுக்குக் காரணம் சின்னதுக்கா. ஒவ்வொரு அன்பியத்துலயும் புள்ளிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சம் வெட்டுப்படுது. ஆறு எடத்துலயும் கீழ்ப்பக்கமே வெட்டு விழுந்துட்டு. அதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த ரெண்டு." பிறகு கணினியை என் பக்கம் திருப்பினார். "இப்ப நீங்களே அரையரையா ஒண்ணொண்ணாப் போடுங்க."

அரை என்று போட்டேன். சைபர் என்றது. ஒன்றரைக்கு இரண்டு. இரண்டரைக்கு இரண்டு. மூன்றரைக்கு நான்கு. நாலரைக்கு நான்கு. ஐந்தரைக்கு ஆறு. நோவாவின் பேழைக்குள் போகிற மிருகங்களைப் போல எல்லாம் ஜோடி ஜோடியாகவே போய் நின்றன.

"இரட்டைப்படையாப் பாத்துப் போகுதே, டீச்சர்!"

"கண்டுபிடிச்சிட்டீங்களே. இது பிழை இல்லக்கா, வேணும்னே வச்ச விதி. இந்த மாதிரி புரோகிராம் நெறயா இப்பிடித்தான் செய்யும். ஆயிரக்கணக்கான எண்ணக் கூட்டும்போது அரையெல்லாத்தையும் மேலயே தள்ளினா மொத்தம் வீங்கிப் போகும். அதனால சரிபாதி அரை மேல போகும், சரிபாதி கீழ போகும்."

எனக்கு முகம் சுட்டது. தப்பு என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 19, புதன்

டீச்சர் சொன்னதை என் அரிசிக் கணக்கில் பார்த்தேன். தினம் உலையில் எத்தனை ஆழாக்கு அரிசி போடுகிறேன் என்று எழுதி வைப்பேன். இரண்டரை போட்டால் மூன்று என்றும், மூன்றரை போட்டால் நான்கு என்றும் எழுதுவது என் வழக்கம். அரை எழுதினால் கூட்டுவதற்குச் சிரமம். மே மாதத்தைக் கூட்டினால், மூட்டையில் இருந்த அரிசியைவிட நாங்கள் தின்ற அரிசி கூடுதலாக வருகிறது. இவ்வளவு நாளும் அதை எலி மேல் பழி போட முடியாமல் விழித்திருக்கிறேன். டீச்சர் சொன்ன மாதிரி ஒரு அரையை மேலே, ஒரு அரையைக் கீழே தள்ளி மறுபடி கூட்டினேன். மூட்டைக்கு மிக அருகில் வந்து நின்றது.

ஆக மிஷின் பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு அழுகை வந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

ஜெனோவா ஏலக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். மீன் பெட்டி மேலேயே சாய்ந்தாளாம். மறுபடி அதே காய்ச்சல், அதே வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர், "தண்ணி குடிக்கச் சொன்னேன்லா? இப்படியே போனா கிட்னி போயிரும்மா," என்றார். ஜெனோவா தலையைத் திருப்பிக்கொண்டாள். இவர் வராந்தாவில் நின்றபடியே இருந்தார், உள்ளே வரவில்லை.

ஜூன் 24, திங்கள்

கஞ்சி காய்ச்சிக்கொண்டு போய் ஜெனோவாவுக்குக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, அரையோ காலோ, நீ விட்டுராத," என்றாள்.

வரும் வழியில் எனக்குப் புத்தி தெளிந்தது. அரிசியைக் கூட்ட வேண்டும். அதற்கு மொத்தம் சரியாக வர வேண்டும். தெருக்களை யாரும் கூட்டப் போவதில்லை. ஒவ்வொரு தெருவுக்கும் அதனதன் நியாயம் வேண்டும். அதுவும் எப்படிச் செய்வது என்று சாமி ஏற்கெனவே வாசித்துவிட்டார்: அரை வந்தால் ஒருவர். நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

"டீச்சர், புரோகிராமுக்கு எங்க விதியச் சொன்னாவளா?"

டீச்சர் மடிக்கணினியில் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தார். "இல்லக்கா. முழு எண்ணா மாத்துன்னு மட்டுந்தான் அதுல எழுதியிருக்கு. நானும் அதத் தொறந்து பாக்காமலே ஓட்டிட்டேன். ஒரே ஒரு வரிய மாத்தினாப் போதும். ஆனா லிஸ்ட் மறைமாவட்டத்துக்குப் போயிட்டே. சாமிதான் சொல்லணும். நானும் உங்ககூட வாறேன்."

ஜூன் 26, புதன்

அமலன் சாமி பொறுமையாகக் கேட்டார். "நான் ஒருத்தனா மாத்தினா சாமி ஒரு தெருப் பக்கம் சாஞ்சிட்டாருன்னு சொல்லுவாங்க. ஜூலை ஏழாந்தேதி பங்குப் பொதுக்கூட்டம் இருக்கு. எல்லார் முன்னாலயும் சொல்லுங்க," என்றார்.

டீச்சர் பேசுவார் என்று நினைத்தேன். "நீங்கதான் பேசணும், நான் கூட நிக்கேன்," என்கிறார். எனக்கெதற்கு இந்த வேலை?

ஜூலை 3, புதன்

துவரம்பருப்பு புடைத்தேன். தலையணை உறை துவைத்தேன். லில்லி ரவிக்கையைக் கொண்டுவந்தாள். கை கொஞ்சம் இறுக்கம், பிரித்துத் தைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்றேன். "திருநாளுக்குன்னுல்லா சொன்னிய?" என்று கேட்டாள். தலையணை உறையைக் காயப்போடப் போய்விட்டேன்.

ஜூலை 6, சனி

அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மசாலா அரைத்துக்கொண்டே நாளைக்குப் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். இவர் வந்துவிட்டார்.

"யாருகிட்ட பேசுத?"

"செபம் சொல்லுதேன்."

"செபத்துல பாக்கியநாதன் அண்ணாச்சி எதுக்கு வாறாரு?"

ஜூலை 7, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் கூட்டம். ஆறு தெருவும் வந்திருந்தது. ஜெனோவாவும் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாக்கியநாதன் அண்ணாச்சி பட்டியலை வாசித்து, "மிஷின் போட்டது, மறைமாவட்டத்துக்கும் அனுப்பியாச்சு," என்று முடிக்கும் முன்னே எழுந்து நின்றேன். மனப்பாடம் பண்ணியது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"அண்ணாச்சி, அந்தோனியாருக்கு ஒண்ணரை வந்துது. ரெண்டு பேரு குடுத்திய. சவேரியாருக்கு மூணரை வந்துது. நாலு பேரு குடுத்திய. எங்களுக்கு ரெண்டரை வந்துது. ரெண்டு பேரு குடுத்திய. அந்தோனியார் அரை முழுசாயிட்டு. சவேரியார் அரையும் முழுசாயிட்டு. எங்க அரை மட்டும் எங்க போச்சு?"

பின்னாலிருந்து குரூசம்மாள் மாமி, "கேளுட்டி, நல்லாக் கேளு!" என்றார். சிரிப்பு எழுந்தது.

சவேரியார் தெருக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். "இந்தா பாருங்க, எங்க நாலுல கை வச்சிராதிய!"

"உங்க அரைய யாரு கேட்டா? நீங்களே வச்சிக்கிடுங்க. எங்க அரையத்தான் கேக்கோம்."

இப்போது சவேரியார்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

"அப்ப மிஷினு பொய் சொல்லுதா?" என்றார் பாக்கியநாதன் அண்ணாச்சி.

நானே சொன்னேன்: "நானும் மொதல்ல அப்பிடித்தான் நெனச்சேன், அண்ணாச்சி. இல்ல. மிஷினு அதுக்குத் தெரிஞ்ச விதியில ஒழுங்காத்தான் போட்டிருக்கு. அரை வந்தா ரெட்டைப்படைக்குப் போவும். அது பெரிய பெரிய கணக்குக்கு நல்ல விதி. என் அரிசிக் கணக்கையே அது சரியாக்கிட்டு. ஆனா நம்ம பங்கு விதி அது இல்ல. சாமி பூசையில வாசிச்சது, அரை வந்தா ஒரு ஆளு. அத மிஷினுக்கு யாரும் சொல்லல."

டீச்சர் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "உண்மைதான். ஓட்டினது நான். நானும் பாக்கல." மடிக்கணினியில் அந்த ஒரு வரியை மாற்றி, எல்லாரும் பார்க்கச் சுவரில் போட்டார். இரண்டு, நான்கு, இரண்டு, மூன்று, இரண்டு. கடைசியாக எங்கள் தெரு. மூன்று.

ஜெனோவா விசிலடித்தாள். கோயில் மண்டபத்தில்! சாமி கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

பாக்கியநாதன் அண்ணாச்சி இன்னும் விடவில்லை. "பதினஞ்சு நாற்காலிதான் போட்டிருக்கு," என்றார்.

அப்போதுதான் இவர் எழுந்தார். எட்டு வருடத்தில் இவர் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "நாற்காலி என் வீட்டுலருந்து நான் கொண்டாறேன். என் வீட்டுக்காரி எனக்கு மீன்கூட அரைத் துண்டு வச்சதில்ல. வச்சா முழுத் துண்டு, கோவம்னா ஒண்ணுமில்ல. அவ அரைய விட்டுக் குடுப்பான்னா நெனச்சிய?" கடைசி வரிசையைக் காட்டினார். "என் தங்கச்சி செத்துப் பொழச்சு வந்து பின்னால உக்காந்திருக்கா. ஏலக்கூடத்துல பொம்பளையளுக்குக் கக்கூசு இல்ல. எட்டு வருசமா நான் கேக்கல. இப்ப கேக்கேன்."

யாரும் சிரிக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமி எழுந்து, "மதலேன் மரியாள் அன்பியத்துக்கு மூணு பேர். மூணாவது ஆள் யாரு?" என்று கேட்டார்.

"எங்க மைனி!" என்றாள் ஜெனோவா. "ஜெசிந்தா, ஜெசிந்தா," என்று தெருவே சொன்னது.

நான் இதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை. நல்லவேளை, நீல ரவிக்கை போட்டிருந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

முதல் பேரவைக் கூட்டம். பதினாறு நாற்காலி. கழிப்பறை வேண்டும் என்ற தீர்மானத்தை நான் வாசித்தேன். அந்த வார்த்தையைச் சத்தமாக, இரண்டு முறை. மிக்கேல் தெருக்காரர் ஒருவர், ஏலக்கூடத்துக் கூரையை முதலில் பார்ப்போம் என்றார். "கூரைக்கு மேல மழை வருசத்துக்கு ரெண்டு மாசம். எங்களுக்கு தெனமும் அண்ணாச்சி," என்றேன். சவேரியார் தெரு உறுப்பினராக வந்திருந்த ஷெரின் டீச்சர் மேசையைத் தட்டினார். பதினான்கு கை உயர்ந்தது. முதலில் உயர்ந்தது இவருடையது.

ஜன்னலுக்கு வெளியே ஏலக்கூடத்துப் பெண்கள் மீன் வாசனையோடு நின்றிருந்தார்கள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

ஜூலை 15, திங்கள்

விளமீன் வாங்கி வறுத்தேன். எல்லாருக்கும் முழுத் துண்டு. புகழ்ச்சி ஆண்டவருக்கே.

ஜூலை 22, திங்கள்

எங்கள் அன்பியத் திருநாள். சாமி ஏலக்கூடத்துக்கு வந்து அடிக்கல்லுக்குத் தீர்த்தம் தெளித்தார். ஜெனோவா எல்லார் முன்னாலும் ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். "கட்டி முடியட்டும்ட்டி, இப்பவே எதுக்கு?" என்று குரூசம்மாள் மாமி கத்தினார். "இன்னைக்கு வியாபாரம் இல்ல மாமி, வீட்டுக்கு ஓடிருவேன்," என்றாள்.

ஜூலை 28, ஞாயிறு

இன்று பூசையில் வாசித்தது அப்பம் பலுகிப் பெருகிய நிகழ்ச்சி. ஐயாயிரம் பேர் சாப்பிட்ட பிறகும் துண்டு துணுக்குகளைக் கூடையில் எடுத்து வைக்கச் சொன்னார் ஆண்டவர். அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் புரோகிராம் எல்லாப் பங்குக்கும் ஒன்றுதான் என்று பாக்கியநாதன் அண்ணாச்சி அன்றைக்குச் சொன்னாரே! இரண்டரையும் நாலரையும் வந்த தெருக்கள் இன்னும் எத்தனை இருக்கும்? அங்கே எத்தனை ஜெனோவாக்கள் தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள்?

வீட்டுக்கு வந்து எழுதினேன். டீச்சர் படித்துப் பார்த்து ஒரு சொல்லும் மாற்றவில்லை. இவரே தபாலில் போட்டுவிட்டு வந்தார். நகல்:

மறைமாவட்ட அலுவலகத்துக்கு, வெள்ளிமுனைப் பங்குப் பேரவை உறுப்பினர் ஜெசிந்தா கஸ்பார் எழுதுவது. நீங்கள் அனுப்பிய புரோகிராம் அரையை இரட்டைப்படைக்குக் கொண்டுபோகிறது. எங்கள் பங்கில் அதைச் சரிசெய்துவிட்டோம். மாற்ற வேண்டிய வரியை ஷெரின் டீச்சர் இத்துடன் எழுதியிருக்கிறார். மற்றப் பங்குகளிலும் சரியாக அரை வந்த அன்பியங்கள் எவை, அவற்றில் எவற்றுக்கு ஒரு ஆள் குறைந்தது என்று பார்த்து, அவர்களுக்கும் தெரிவியுங்கள். தெரிவித்ததை எனக்கும் எழுதுங்கள். புதிய பேரவைகள் வேலை தொடங்கிவிட்டன. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடவும்.